கரிமூட்டத்தில் தீ தெரியாது

1

மூன்றாவது கிலோமீட்டர் கல்லைத் தாண்டிய பிறகுதான் கவனித்தேன், உடம்பில் கம்பெனியின் பச்சை ஜாக்கெட் அப்படியே இருந்தது. கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். திருப்பிக் கொடுக்கப் போகிற எண்ணம் இல்லை. மதியம் பன்னிரண்டரை மணி. இரண்டு பக்கமும் வெள்ளை பிளாஸ்டிக் கூடாரங்கள், அவற்றுக்குள் ராஸ்பெர்ரிச் செடிகள். போர்ச்சுகலின் தென்மேற்குக் கரையில் நாங்கள் இருக்கிற பக்கமெல்லாம் இதே காட்சிதான். எங்கள் டவுனுக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர். அடுத்த பஸ் நாலரைக்கு.

கேட்டைத் தாண்டும்போது சதீஷ் பின்னாலேயே ஓடி வந்தான். பட்டுக்கோட்டைப் பக்கத்துப் பையன், என்னோடு பேக்கிங்கில் நிற்பவன்.

"அண்ணே, எம் போனுக்கு என்ன பதில் சொல்லிட்டுப் போறீங்க?"

"அரிசிக்குள்ள பொதச்சு வைடா."

"உரத் தண்ணியில முக்கி எடுத்தத அரிசியில பொதச்சா அரிசியில்ல செத்துப்போகும்!"

சிரிப்பு வரவில்லை. அவன் போனைப் பிடுங்கி உரம் கரைத்து வைத்திருந்த டிரம்முக்குள் எறிந்தது நான்தான். சூப்பர்வைசர் அம்மா வந்தாள், நடந்ததைக் கேட்டாள், வாசலைக் காட்டினாள். கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து நடந்திருக்கிறேன். மஸ்கட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெயிலில் நடந்திருக்கிறேன். ருமேனியாவில் ஆட்டுப்பட்டி ஒன்றிலிருந்து முழங்கால் பனியில் நடந்திருக்கிறேன். சம்பளம் வராதது, சோறு போடாதது, கை நீட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு சீரியலுக்காக நடந்தது இதுதான் முதல் தடவை.

அந்த சீரியலைப் பற்றித்தான் ஊரிலிருந்து ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். "நம்ம ஊருக் கதையாமே, வெளிநாட்டுலயெல்லாம் எழுத்துப் போட்டுக் காட்டுறாகளாமே, பாக்கலாமா?" என்று அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டியிலிருந்து என் வயதுச் சோட்டாள் ஒருவன் மூன்று தடவை கேட்டுவிட்டான். அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சீரியலின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நானும் அவர்களுக்கு நோட்டீஸ் ஒட்டியதாக ஆகிவிடும்.

2

எட்டுப் பாகம். கொலைக் கதை. புருஷனோடு வாழப் பிடிக்காமல் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட ஒரு பெண். அவளுக்கு ஒரு தம்பி. ஊரில் பேச்சு கிளம்புகிறது. ஒரு நாள் அவளைக் காணவில்லை. சென்னையிலிருந்து ஒரு பெண் இன்ஸ்பெக்டர் வருகிறார். ஆறு பாகம் அவர் ஜீப்பில் அலைகிறார். ஏழாவது பாகத்தில் தெரிகிறது, மானத்துக்கு அஞ்சித் தம்பியே அக்காளை உயிரோடு கரிமூட்டத்துக்குள் வைத்து எரித்துவிட்டான். முடிச்சை அவிழ்த்துவிட்டேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். தெரிந்தேதான் அவிழ்த்தேன்.

இதை வீட்டுக்குள் கொண்டுவந்தது என் மகள் கார்த்திகா. வயது பதினான்கு. திருப்பூரில் வளர்ந்தவள். எட்டு வயதில் அவளும் என் மனைவி முத்துலட்சுமியும் இங்கே வந்து சேர்ந்தார்கள். இந்த நாட்டில் வெளிநாட்டுப் படத்துக்குக் குரல் மாற்றுவதில்லை. அவரவர் பேச்சிலேயே விட்டுவிட்டுக் கீழே எழுத்து ஓட்டுவார்கள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். வேற்று நாட்டுத் தொடர் ஒன்றைப் பார்த்துவிட்டு, அது பார்க்கத் தகுந்ததா இல்லையா என்று ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். பட்டியலில் தமிழ் என்று இருந்ததைப் பார்த்ததும் இதை எடுத்திருக்கிறாள்.

"அப்பா, உங்க ஊரு வருது, வாங்க," என்று கூப்பிட்டாள்.

உங்க ஊரு. ஒரு வருடத்துக்கு முன்பு வரை அது நம்ம ஊராக இருந்தது. எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அவள் கீழே ஓடும் போர்ச்சுகீஸ் எழுத்தைப் படிக்கிறாள். எங்கள் ஊர்ப் பேச்சை வேகமாகப் பேசினால் அவளுக்குப் பாதிதான் பிடிபடும். எனக்குக் கீழே ஓடுவது பூச்சி ஊர்கிற மாதிரி இருக்கிறது. ஒரே சோபாவில் இருந்துகொண்டு அவள் ஒரு படத்தைப் பார்க்கிறாள், நான் ஒரு படத்தைப் பார்க்கிறேன்.

பொய் சொல்லக் கூடாது, முதல் இரண்டு பாகம் நன்றாக இருந்தது. அக்காளாக நடித்த பிள்ளை தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடந்த நடை பந்தல்குடி ரோட்டில் நான் பார்த்த நடை. சாயங்காலம் மேகம் இருட்டிக்கொண்டு வந்து ஒரு துளி போடாமல் தெற்கே ஒதுங்கிப் போவதைக் காட்டினார்கள். "அங்க பாருங்க, ஏமாத்திட்டுப் போகுது பாருங்க, அதே மாதிரி!" என்று முத்துலட்சுமி என் தொடையில் அடித்தாள். அவள் கண்ணில் தண்ணீர்.

மூன்றாவது பாகத்திலிருந்து எல்லார் முதுகிலும் அரிவாள் வந்துவிட்டது. டீக்கடைக்கு வருகிறவன், ஆடு ஓட்டுகிறவன், ரேஷன் வாங்கப் போகிறவன், எல்லாரிடமும். எங்கள் பக்கம் அரிவாள் இல்லையா? இருக்கிறது. கருவேலம் வெட்ட, சோளத்தட்டை அறுக்க. கொலை நடந்ததில்லையா? நடந்திருக்கிறது. இல்லை என்று சொன்னால் நானும் பொய்யன். ஆனால் பல் குச்சி ஒடிக்கப் போகிறவன் முதுகில் அரிவாள் சொருகிக்கொண்டு போனதை நான் பார்த்ததில்லை.

நாலாவது பாகத்தில் அந்த அக்காளைப் பெற்றவள் மகளைக் காணோம் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடுகிறாள். அவளைச் சுமந்தது, முள்ளுக்காட்டில் தூக்கி வளர்த்தது, கட்டிக்கொடுத்த இடத்தில் பட்டது, எல்லாம் வருகிறது. நிஜமான ஒப்பாரி. யாரோ நல்ல பாட்டுக்காரியைப் பிடித்துப் பாட வைத்திருக்கிறார்கள். கார்த்திகா என்னைப் பார்த்து, "இவ்வளவு நேரம் என்ன சொல்றாங்க?" என்றாள்.

"கீழ என்ன போட்டிருக்கு?"

"அழுகிறாள்னு போட்டிருக்கு. ஒரே ஒரு தடவ."

கொலைகாரன் மிரட்டுகிற வார்த்தை ஒன்று விடாமல் எழுத்தாகிறது. பெற்றவள் பாடுகிறது மட்டும் 'அழுகிறாள்' ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கில் பார்த்தால் என் மகளுக்கு என் ஊரைப் பற்றி என்ன தெரியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

3

கரிமூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கிற டவுன்காரர்களுக்கே தெரியாது.

எங்கள் பக்கம் மழை தவறினால் பருத்தியும் கம்பும் போய்விடும். சீமைக்கருவேலம் மட்டும் யாரும் கேட்காமல் வளரும். அதைத் தூரோடு பெயர்த்து, துண்டு போட்டு, கூம்பாக நெருக்கி அடுக்கி, செத்தையைப் போட்டு மூடி, அதன்மேல் மண்ணைக் குழைத்துப் பூசி, உள்ளே நெருப்பை வைத்து அடைத்துவிடுவார்கள். அதுதான் மூட்டம். பத்து நாள் புகையும். காற்று உள்ளே போகக் கூடாது. காற்றுப் போனால் விறகு கரியாகாது, எரிந்து சாம்பலாகும். அதனால் பகலும் இரவும் ஆள் மாற்றி ஆள் காவல் இருக்க வேண்டும். விறகு வேக வேக மேல்மண் உள்வாங்கும், பிளக்கும். பிளந்த இடத்தில் உடனே ஈரமண்ணை அப்ப வேண்டும்.

சீரியலில் மூட்டத்துக்கு மேலே பனைமர உயரம் தீ எரிகிறது. மூட்டத்தில் தீ கண்ணுக்குத் தெரிந்தால் எங்களுக்கு அன்றைக்குச் சோறு போச்சு என்று அர்த்தம். அவர்களுக்குத் தீ வேண்டும், இருட்டில் சிவப்பாகத் தெரிய வேண்டும். அக்காளை சாயங்காலம் உள்ளே வைத்தானாம், விடியும்போது சாம்பலாம். பத்து நாள் ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்திருக்கிற இடம், பிரிக்கும்போது பத்துப் பெண்கள் குனிந்து கையால் கரி பொறுக்குகிற இடம். ஒரு பிணத்தை மறைக்க அதைவிடக் கேடுகெட்ட இடம் இந்த உலகத்தில் கிடையாது.

இன்னொன்று. அந்தத் தம்பியாக நடித்தவன் பூட்ஸ் காலோடு மூட்டத்தின்மேல் ஏறி நின்று சிகரெட் பற்ற வைக்கிறான். எங்களில் யாரும் செருப்புக் காலோடு மூட்டத்தில் ஏற மாட்டார்கள். சூடம் காட்டிக் கும்பிட்டுப் பற்ற வைத்தது, அதை மிதிக்கிறோமே என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், வெறுங்காலுக்குத்தான் தெரியும். மண் கெட்டியாக இருக்கிறதா, அடியில் வெந்து கூடாகிவிட்டதா என்று உள்ளங்கால் முதலில் சொல்லும். சூடு ஒரு மாதிரி குத்தினால் காலைப் பின்னால் எடுத்துவிட வேண்டும்.

எட்டுப் பாகத்தில் அந்தக் கரிமூட்டத்துக்காரர்களில் ஒருவர்கூட ஒரு கூடை மண் சுமக்கவில்லை. ஒருவர்கூட இருமவில்லை. எல்லாரும் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு முறைக்கிறார்கள்.

4

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏழாவது பாகம் பார்த்தோம். முத்துலட்சுமி ஓட்டலுக்கு அறை சுத்தம் செய்யப் போயிருந்தாள். தம்பி மூட்டத்தைப் பற்ற வைத்ததும் கார்த்திகா லேப்டாப்பை மூடிவிட்டாள். மீதியை நான் பிறகு ஒரு நாள் தனியாகத்தான் பார்த்தேன்.

"ஏம்மா நிறுத்திட்ட?"

"தலை வலிக்குது."

என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அறைக்குள் போய்விட்டாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் ஷெட்டில் சாப்பாட்டு நேரம். சதீஷும் அதே சீரியலில் ஏழாவது பாகம் வரை பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. நீங்க எத்தன பேர மூட்டத்துல வச்சிருக்கீங்க?"

"சாப்பிடுடா."

"பாத்தீங்களா, பேச்ச மாத்துறாரு. அருப்புக்கோட்டைக்காரரு பக்கத்துல இனிமே உக்கார மாட்டேம்ப்பா."

எதிரே இருந்த நேபாளத்துக்காரருக்குச் சைகையில் விளக்கினான். அவரும் சிரித்துக்கொண்டே கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினார். விளையாட்டுத்தான். எனக்கும் தெரியும். பிறகு சதீஷ் போனை என் சோற்றுப் பெட்டிக்கு மேலே நீட்டி அந்த இடத்தை ஓட்டினான். அக்காளாக நடித்த பிள்ளை மூட்டத்துக்குள் கிடந்து கத்துகிறது. "செம நடிப்புண்ணே," என்று திரும்ப ஒரு தடவை ஓட்டினான். இரண்டாவது தடவை கத்தும்போது போன் டிரம்முக்குள் கிடந்தது.

அங்கிருந்துதான் நடந்தேன். வீட்டுக்கு வந்து சேரும்போது இரண்டரை ஆகிவிட்டது. திங்கட்கிழமை அவளுக்குப் பாதி நாள் பள்ளி. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் என் நீல பிளாஸ்டிக் பைல்.

அந்த பைலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் சர்க்காரோடு பேசுகிறவள் கார்த்திகாதான். குடியிருப்பு அட்டை புதுப்பிப்பது, வரி எண், டாக்டர் சீட்டு, எல்லாமே கம்ப்யூட்டரில் போர்ச்சுகீஸில் நிரப்ப வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவன். ஆபீஸ் கவுண்டரில் அவர்கள் கேட்பார்கள், அவள் சொல்வாள், நான் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சில நேரம், "இப்படிச் சொல்லும்மா," என்று கொஞ்சம் முன்பின்னாகச் சொல்லச் சொல்வேன். சொல்லுவாள். அதனால் என் காகிதம் முழுவதும் அவள் கைக்குள்தான்.

பைலுக்கு அடியிலிருந்து ஒரு ஜெராக்ஸை உருவி மேசையில் வைத்தாள். பதினேழு வருடத்துக்கு முன்னால் ஊர்ப்பக்கத்தில் ஒரு போலீஸ் ஸ்டேஷனில் நான் எழுதிக் கொடுத்த வாக்குமூலம். எறிய மனம் வராமல் ஊர் ஊராகக் கூடவே கொண்டு அலைந்தது.

"இத நான் போன வருஷமே பாத்தேன். அப்ப கேக்கல," என்றாள். "அத்தை எப்பிடிச் செத்தாங்க?"

என் அக்கா பஞ்சவர்ணத்தைத்தான் கேட்டாள். அவளைக் கார்த்திகா போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள்.

"ஸ்டவ் வெடிச்சு. ஒனக்குத்தான் தெரியும்ல."

"எந்த வீட்டு ஸ்டவ்?"

"நம்ம வீட்டு ஸ்டவ்தான்."

"அம்மாட்ட கேட்டேன். அம்மா கல்யாணம் ஆகி வந்தப்பவே உங்க வீட்டுல விறகு அடுப்பு மட்டும்தான் இருந்துச்சாம். ஸ்டவ் வெடிச்சதுக்கு ஒரு கரித்தடம்கூடக் கெடயாதாம்."

ஜாக்கெட்டைத் தோளிலிருந்து எடுத்து நாற்காலியில் போட்டேன்.

"அத்தை புருஷன் வீட்டுல இருந்து திரும்பி வந்தவங்க. அந்த சீரியல்ல வர்ற அக்காவும் அப்பிடித்தான். அத்தைக்கு நீங்க ஒரே தம்பி. அத்தை செத்த வருஷமே ஊர விட்டுப் போயிட்டீங்க. என்னய அந்த ஊருக்கு ஒரு தடவகூடக் கூட்டிட்டுப் போகல. இதுல கையெழுத்துப் போட்டிருக்கிறதும் நீங்கதான்." விரலை அந்தக் கையெழுத்தின்மேல் வைத்தாள். "நீங்க கொன்னீங்களா?"

கை ஓங்கிவிட்டேன். என் வாழ்நாளில் அவளை அடித்ததில்லை. அன்றைக்கும் அடிக்கவில்லை. ஆனால் ஓங்கிய கையை அவள் பார்த்துவிட்டாள். நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். பெற்ற பிள்ளை என்னைப் பார்த்து ஒதுங்கியது. எவனோ குளிரூட்டின அறையில் உட்கார்ந்து எழுதிய கதை, எவளோ கீழே ஓட்டிய எழுத்து, அது என் வீட்டுச் சாப்பாட்டு மேசைவரை வந்துவிட்டது. அவளை அப்படியே விட்டால் அந்தக் கதைதான் அவளுக்கு நிஜமாகிவிடும். கையை இறக்கினேன். உட்கார்ந்தேன்.

5

அவளிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபது வயது. அக்காளுக்கு முப்பத்தொன்று. திருச்சுழிக்குப் போகிற வழியில் ஒரு கண்மாய், தண்ணீர் கண்டு நாலைந்து வருடம் ஆனது, முழுக்கக் கருவேலம் மண்டிக் கிடந்தது. ஒரு கரி வியாபாரிக்காக அதற்குள்ளே வெட்டி மூட்டம் போட்டோம். கண்மாய் மரம் சர்க்காருக்குச் சொந்தம்; ஏலம் எடுக்காமல், யாரிடமும் கேட்காமல் வெட்டினோம். வேலை பேசி முன்பணம் வாங்கியது என் பெயரில். கூட நின்று வேலை செய்தது அக்காள். புருஷனிடமிருந்து அவளே வந்தாள், அவனுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவும் நேரமில்லை, எல்லாரும் மண் சுமந்துகொண்டிருந்தோம்.

ஆறாவது நாள் காலை பத்து மணி இருக்கும். முந்தின நாள் அவள் காலில் கருவேல முள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. உள்ளங்கால் வீங்கிப்போய் நொண்டிக்கொண்டிருந்தாள். மூட்டத்தின் தோள்பக்கம் ஒரு பிளவு விட்டுப் புகை வந்தது. நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, இரு, நான் ஏறுறேன்."

"நீ குடிச்சு முடிக்கங்குள்ள பாதி மூட்டம் எரிஞ்சு போகும்லே. கூடயக் குடு."

"வெறுங்கால ஊன முடியுமா ஒனக்கு? இந்தா, இதப் போட்டுக்க."

என் ரப்பர் செருப்பைக் கழற்றிக் கொடுத்தேன். "மூட்டத்துமேல செருப்போடயாலே?" என்றாள். "நாளைக்குச் சேத்துக் கும்பிட்டுக்கிருவோம், போட்டுட்டு ஏறு," என்றேன் நான். போட்டுக்கொண்டு ஏறினாள். நாலாவது அடியில் மண் உள்ளே போனது. காலுக்குத் தெரிந்திருக்க வேண்டிய சூடு தெரியவில்லை. இடுப்பு வரை இறங்கினாள். நானும் இன்னொருவரும் இழுத்து வெளியே போட்டோம். எவ்வளவு நேரம் என்று கேட்டாள் கார்த்திகா. கஞ்சிச் சட்டி உருண்டு நிற்கிற நேரம்.

மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வியாபாரி அங்கேயே வந்துவிட்டார்.

"ஏலே, இங்க பாரு. கண்மாய்க்குள்ள மூட்டம்னு எழுதுனா மொதல்ல உள்ள போறது நீ. ஒங்கக்காளயும் சேத்துத்தான் கேசு. வீட்டுல ஸ்டவ்வு வெடிச்சதுன்னு எழுது. ஒரு பய கேக்க மாட்டான்."

எழுதினேன். ஏட்டு அதைத் திருப்பிக் கொடுத்து, "படிச்சுப் பாத்துக்கப்பா," என்றார். எட்டாவது வரை படித்தவன், படித்துப் பார்த்தேன். எழுத்துத் தெரியாதவன் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழி கிடையாது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அக்காளிடமும் வாக்குமூலம் வாங்க ஒருவர் வந்து போனார். அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். முகத்தில் ஒன்றும் ஆகவில்லை. நன்றாகப் பேசினாள்.

"ஏலே, நானும் ஸ்டவ்வுன்னே சொல்லிட்டேன். நீ எதும் மாத்திச் சொல்லிறாத. உள்ள தூக்கி வச்சுருவாக."

மறுநாள் போய்விட்டாள்.

மூட்டத்தைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. கண்மாய்க்கு ஒரு ஜீப் வரவில்லை. விழுந்த இடத்தில் வேறு ஆள் ஈரமண்ணை அப்பி அடைத்தான். பத்தாவது நாள் பிரித்தார்கள். பெண்கள் பொறுக்கினார்கள், மூடை பிடித்தார்கள். லோடு போனது. அந்த லாரி பந்தல்குடி ரோட்டில் ஏறிப் போனதை நான் நின்று பார்த்தேன். அதே வாரம் திருப்பூருக்கு பஸ் ஏறினேன்.

எனக்கு ஏன் இத்தனை கோபம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நடக்காத ஒரு கொலையைக் கண்டுபிடிக்க எட்டுப் பாகம், ஒரு இன்ஸ்பெக்டர், நாலு ஜீப், மோப்ப நாய். நடந்த ஒரு சாவைப் பார்க்க ஒரு ஆள்கூட வரவில்லை. வராமல் இருக்கும்படி பார்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன். இந்தச் சீரியல்காரர்கள் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி அதுதான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மீதிப் பாதி அவர்களுக்கே உரியது. எங்கள் கண்மாய்களில் வெந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். ஒருவரிடம் போய்க் கேட்டிருந்தால் கதை கிடைத்திருக்கும். அதில் கொலைகாரன் இருந்திருக்க மாட்டான், அதனால் யாருக்கும் வேண்டாம்.

கார்த்திகா அந்த ஜெராக்ஸைத் தன் பக்கம் திருப்பி இன்னொரு தடவை படித்தாள்.

"செருப்புக் குடுத்தது தப்பில்ல," என்றாள். "கால் வலிக்குதுன்னு குடுத்தீங்க."

"ம்."

"இதுல கையெழுத்துப் போட்டதுதான் தப்பு."

"போடலைன்னா என்னய உள்ள வச்சிருப்பாங்கம்மா."

"வச்சிருப்பாங்க," என்றாள். அவ்வளவுதான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதினான்கு வயதில் யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் வேண்டியதில்லை. காகிதத்தை பைலுக்குள் வைத்து மூடினாள். "இனிமே ஆபீஸ்ல உங்களுக்காக நான் பேசும்போது இப்படிச் சொல்லு அப்படிச் சொல்லுன்னு சொல்லாதீங்க. நடந்ததத்தான் சொல்லுவேன்."

சாயங்காலம் முத்துலட்சுமி வந்ததும் அவளிடமும் சொன்னேன். அவளுக்கும் இத்தனை வருடம் ஸ்டவ்தான். "எங்கிட்டயுமா?" என்று மட்டும் கேட்டாள். அவள் அழுததையும் திட்டியதையும் எழுதப் போவதில்லை.

டீச்சருக்கு என்ன எழுதப் போகிறாய் என்று கார்த்திகாவைக் கேட்டேன். நடிப்பு நன்றாக இருக்கிறது, பார்க்கலாம், ஆனால் தீ வருகிற இடம் முழுப் பொய், அந்த வேலை தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதியிருப்பதாகச் சொன்னாள். அத்தையைப் பற்றி எழுதவில்லை. "அது டீச்சருக்கு எதுக்கு?" என்றாள்.

என்னைக் கேட்டால், பாருங்கள். ரீசார்ஜ் போட்டாயிற்று, நேரமும் இருக்கிறது, யார் சொல்லிக் கேட்கப் போகிறீர்கள். அந்த அக்காளாக நடித்த பிள்ளைக்காகப் பாருங்கள். பார்த்துவிட்டு, கரிமூட்டத்துக்காரன் யாரையாவது ரோட்டில் கண்டால் கழுத்தில் விரலை இழுத்துக் காட்டாமல் போங்கள்.

6

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், கார்த்திகா என்னோடு டவுனுக்கு வெளியே ஒரு பண்ணைக்கு வந்தாள். டிராக்டருக்கு உதவி ஆள் வேண்டும் என்று ரொட்டிக் கடையில் எழுதி ஒட்டியிருந்தார்கள். பண்ணைக்காரர் வயதானவர், தொப்பியைக் கழற்றாமல் பேசினார். கேட்டதை அவள் திருப்பிச் சொன்னாள்.

"முந்தின வேலைய ஏன் விட்டீங்கன்னு கேக்குறாரு."

"சீசன் முடிஞ்சிருச்சுன்னு..." என்று ஆரம்பித்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். மீதியை முழுங்கிவிட்டேன். "என்னமோ, நீயே சொல்லும்மா."

சொன்னாள். எனக்குப் புரிந்தது டெலிபோன், தண்ணீர் என்ற இரண்டு வார்த்தைதான். கிழவர் தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். என்னவோ கேட்டார்.

"கோவம் வந்தா கையில இருக்கிறத எறிவீங்களான்னு கேக்குறாரு."

"ஒரு தடவ எறிஞ்சேன்னு சொல்லு."

அவர் யோசித்தார். டிராக்டரை என் கையில் கொடுக்க அவருக்கு மனமில்லை. கொட்டில் கழுவ ஆள் இல்லை, அதற்கு வேண்டுமானால் இன்றைக்கே இறங்கலாம் என்றார். சம்பளம் பேக்கிங் ஷெட்டைவிடக் குறைவு. கார்த்திகா இதையெல்லாம் முகம் மாறாமல் எனக்குச் சொன்னாள். சரி என்றேன். அவள் பையை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனாள்.

வெளிநாட்டில் இருக்கிற நாங்கள் ஊருக்குப் பேசும்போது சூப்பர்வைசராக இருக்கிறேன், ஸ்டோர் பார்க்கிறேன் என்போம். நானும் சொல்லியிருக்கிறேன். ஆட்டுப்பட்டியில் இருந்தபோது ஆபீஸ் வேலை என்று சொன்னவன் நான். எம்.ரெட்டியபட்டியில் இதைப் படித்து முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். நான் கழுவுவது பன்றிக் கொட்டில். நானூறு பன்றிகள், ஆறு வரிசை. காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. அன்றைக்கு ஏழே முக்காலுக்கு ரப்பர் குழாயை என் கையில் கொடுத்தார்கள், முதல் வரிசையில் தொடங்கினேன்.